தண்ணீர் வார்த்த கை

விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கி நான் பேசிய முதல் சொல்லே என்னைக் கேலிக்கு ஆளாக்கிவிட்டது. பிளாட்பாரத்தில் ஒரு சிறுமி ஓடிவந்து, "நீங்கதானா சிலோன் டிராயிங் மாஸ்டர்?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். யாழ்ப்பாணத்தில் அதற்கு ஆமாம் என்று பொருள். அவள் பின்னால் வந்த தகப்பனாரைத் திரும்பிப் பார்த்து, "நைனா, இவரு இன்னா மந்திரம் சொல்றாரு?" என்றாள். பக்கத்தில் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தோம். திறப்பு விழாவுக்குச் சித்திரக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியருக்கு ஆசை. சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் பரிசு பெற்ற படங்கள் ஒரு வாரப் பத்திரிகையில் வெளிவந்திருந்தன. முதல் பரிசு திண்டிவனத்தில் ஒரு பள்ளி ஆசிரியைக்கு. இரண்டாம் பரிசு விழுப்புரத்தில் ஒரு ரயில்வே கார்டுக்கு. "இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஒரே பயணத்தில் இரவல் வாங்கி வந்துவிடலாம்" என்று சொல்லி, சித்திர ஆசிரியனான என்னைக் கப்பலேற்றிவிட்டார். பத்திரிகையில் அந்தப் படங்கள் கரி அப்பியது போல அச்சாகியிருந்தன. அவற்றின் நிறம் என்ன, உருவம் என்ன என்று எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. நான் எழுதிய கடிதத்துக்குக் கார்டு உடனே பதில் போட்டிருந்தார். ஆசிரியையிடமிருந்து பதிலே இல்லை.

கார்டின் பெயர் துரைசாமி. கூட்ஸ் வண்டிக்குக் கார்டு. ஸ்டேஷனுக்கு அடுத்த ரயில்வே குடியிருப்பில் வீடு. இட்லியும் நிலக்கடலைச் சட்னியும், வெல்லம் போட்ட காப்பியும் வந்தன. ரேஷனில் சர்க்கரை கிடைக்கவில்லை என்று வீட்டுக்கார அம்மாள் வருத்தப்பட்டார். எங்கள் ஊரில் பனங்கட்டி வெல்லத்தைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிப்போம் என்றேன். அதன் பிறகு அவர் வருத்தப்படவில்லை. இன்னொரு தம்ளர் ஊற்றினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் ஏதாவது ஓர் எஞ்சின் ஊதிக்கொண்டே இருந்தது. அந்தக் குடும்பம் ஊதலுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் பேசப் பழகியிருந்தது. நான்தான் பாதி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்.

சிறுமியின் பெயர் மரகதம். அவள் ஒருத்திதான் ஊதலையும் சட்டை செய்யாமல் பேசினாள். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுப் பூனையின் வரலாறு எனக்குத் தெரிந்துவிட்டது.

துரைசாமி படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார். தைல வர்ணம். ஒரு சின்னப் பெண் தண்டவாளத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நிற்கிறாள். படத்தில் ரயில் கிடையாது. அவள் மேல் விழும் புகையின் நிழல்தான் உண்டு. படத்துக்கு "கூ" என்று பெயர் வைத்திருந்தார்.

"அஞ்சு வயசு வரைக்கும் இவ பேசல சார்" என்றார் துரைசாமி. "அழுவா, சிரிப்பா, ஒரு வார்த்த வராது. போவாத ஆஸ்பத்திரி இல்ல" என்று எங்கெல்லாமோ போன கதையைச் சொல்லத் தொடங்கினார். உடனே மனைவி, "அதெல்லாம் எதுக்கு, பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் போனோம், திருவாமாத்தூரு கோயிலுக்கும் நடந்தோம்னு சொல்லுங்க போதும்" என்று சுருக்கிவிட்டார்.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது ஒருநாள் காலையில் துரைசாமி வண்டியோடு புறப்பட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும் நின்றார்கள். எஞ்சின் ஊதியது. அது ஓய்ந்த பிறகும் இன்னொரு ஊதல் கேட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு மகள் ஊதிக்கொண்டிருந்தாள். "நான் கொடிய ஆட்டணும். கையி வரல. வண்டி போய்க்கினே இருக்குது, இவ கூ கூன்னு கத்திக்கினே இருக்கா. அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் அழுதுக்கினே போனேன் சார்."

"படத்தைத் தருவீர்களா?" என்று கேட்டேன்.

"நான் இன்னா சொல்றது? படத்துல இருக்கறது அவ. அவளக் கேளுங்க."

மரகதம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள். "அங்க ரயிலு இருக்குதா?" இருக்கிறது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் தண்டவாளம் என்றேன். "அப்போ சன்னலப் பாத்தாப்புல மாட்டணும். நைனா, இட்டுக்கினு போவட்டும்." என்னைப் பார்த்து, "ஓம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

இவ்வளவு சுலபமாக முதல் படம் கிடைத்ததும், மறுநாள் சாயங்காலமே இரண்டாவதையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் திண்டிவனம் பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியால் ஓடும் பஸ் அது. பின்னால் ஒரு பெரிய தகரப் பீப்பாய். அதில் கரியைப் போட்டு, ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கினால் பஸ்ஸும் மூச்சு வாங்கும். விக்கிரவாண்டி வரைக்கும் ஒழுங்காக வந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினோம்.

"பேஜாரு புடிச்ச பஸ்ஸு" என்றார் மரக்காணத்துப் பக்கம் போகும் ஓர் அம்மாள். காலிக் கருவாட்டுக் கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். "ஜல்தியா போலாம்னு இதுல ஏறுனேன். நடந்திருந்தா இந்நேரம் ஒல வச்சிருப்பேன்." நான் இலங்கையிலிருந்து வருகிறேன் என்றதும், "எங்க வூட்டுக்காரரு வலைய வீசறது இந்தப் பக்கம். நீங்க அந்தப் பக்கம். நடுவுல மீனுக்கு எந்த ஊருன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

சாலையோரத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கச்சான் என்று நான் சொன்னதும் ஒருவருக்கும் புரியவில்லை. "மல்லாட்டைங்க, மல்லாட்டை" என்று ஒரு பெண் மண் ஒட்டிய கொத்து ஒன்றை என் கையில் கொடுத்தாள். பச்சை நிலக்கடலைக்குப் பால் போல ஒரு ருசி. சுற்றிலும் பனைமரங்கள் வேறு நின்றதால், ஊரை விட்டுத் தூரமாக வந்துவிட்ட உணர்வே எனக்கு வரவில்லை. பஸ் கிளம்பியபோது என் சட்டைப்பை நிறையத் தோல் இருந்தது.

திண்டிவனத்தில் அந்த மிஷன் பெண்கள் பள்ளியின் தலைவி ஓர் ஆங்கிலேய அம்மையார். என்னை உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, ஆங்கிலத்தில் பேசினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "முதல் பரிசு என்றதும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினோம். அடுத்த வாரம் ஒரு மனிதர் வந்து இந்த வாசலில் நின்று சத்தம் போட்டார். ரூத் அன்றிலிருந்து தூரிகையைத் தொடவில்லை. நீங்கள் படத்தைக் கேட்பதற்கு முன்னால் அவள் சொல்வதைக் கேளுங்கள்."

ரூத் டீச்சருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லி. பேசும்போது சுண்ணாம்புக் கட்டியை உருட்டிக்கொண்டே பேசினார். "உங்க கடுதாசி வந்திச்சி சார். இன்னா எழுதறதுன்னு தெரியல, அதான் போடல" என்றார். பிறகு வகுப்பறை அலமாரியைத் திறந்து, பழைய போர்வையில் சுற்றியிருந்த படத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

நான் பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கிறவன். படம் பார்த்து மெய்மறந்து நிற்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்று மேசை மேல் குனிந்தவனுக்கு நிமிரவே மனம் வரவில்லை.

நீர்வர்ணம். ஒரு கிணற்றடி. சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண், மூக்கில் கல் மூக்குத்தி மின்ன, குத்துக்காலிட்டுக் குனிந்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயோடு சேர்த்திருக்கிறாள். மேலே இருந்து ஒரு கை குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுகிறது. அந்தக் கறுத்த கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. அதில் ஒரேயொரு கண்ணாடி வளையல். அதற்கு மேல் படம் இல்லை.

யாருக்கு யார் ஊற்றுகிறார்கள் என்பதை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் கிணற்றில் யார் வாளி விடலாம், யார் கை ஏந்தி நிற்க வேண்டும் என்ற சட்டம் கடலுக்கு அந்தப் பக்கமும் அப்படியே இருக்கிறது. இங்கே தலைகீழாக, கை ஏந்தியிருப்பவள் மூக்குத்தி போட்ட மேல்சாதிக்காரி. சென்னையில் நடுவர்கள் அந்தச் சேலையின் சிவப்பைப் பாராட்டிப் பரிசு கொடுத்தார்களாம்.

"அது நடந்தது சார்" என்றார் ரூத். "நான் வரைஞ்சது இல்ல, பாத்தது."

பிரம்மதேசம் தாண்டி ஒரு சிற்றூர். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ரூத்தின் குடும்பம் அந்த ஊரின் சேரியில் இருப்பது. ஊர்க் கிணற்றை அவர்கள் தொடக் கூடாது என்பதால் பள்ளத்தில் தங்கள் கையாலேயே ஒரு கிணறு வெட்டிக்கொண்டார்கள். ரூத் சிறுமியாக இருந்தபோது ஒரு கோடையில் ஏரி வறண்டு, ஊர்க் கிணறும் சேறாகிவிட்டது. பள்ளத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் இருந்தது. ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஒருநாள் உச்சி வெயிலில் ஊர்த் தலைவரான மணியக்காரரின் மனைவி அலமேலு, வாந்தியும் பேதியுமாகத் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக ஓடிவந்தாள். ரூத்தின் தாய் சின்னப்பொண்ணு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவளாகக் குடத்தைக் கொடுக்கவும் முடியாது. கொடுக்காமல் இருக்கவும் முடியாது. அலமேலு முதலில் குழந்தைக்கு ஊற்றச் சொன்னாள். குழந்தை கண் திறந்த பிறகு, தானும் குனிந்து உட்கார்ந்து கைகளைக் குவித்தாள்.

"அந்த மூஞ்சி எனக்கு மறக்கவே இல்ல. சிலேட்டுல வரைஞ்சேன், மண்ணுல வரைஞ்சேன். ஒவ்வொரு தடவையும் இன்னும் சரியா வந்திச்சி. பரிசு வாங்குன படத்துல ரொம்ப சரியா வந்துட்டுது. இடது புருவத்துல அந்தம்மாளுக்கு ஒரு வெட்டுத் தழும்பு. அதையும் போட்டேன்."

மணியக்காரரின் தம்பி சென்னைக் கண்காட்சியில் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பத்திரிகையை ஊருக்குக் கொண்டுவந்தான். அவனுக்குத் தழும்பும் மூக்குத்தியும் போதுமாக இருந்தன. பள்ளிக்கூட வாசலில் நின்று சத்தம் போட்டவர் மணியக்காரர்தான். படத்தைக் கொளுத்த வேண்டும் என்றார். அன்று முதல் சேரியில் ஒருவரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மல்லாட்டை பிடுங்குகிற பருவத்தில், வெளியூர் ஆட்களை வைத்துப் பிடுங்கினார்கள்.

"எங்க மாமாவே சொல்றாரு, படம் போட்டு எங்க வயித்துல அடிச்சிட்டேன்னு. நானே கொளுத்திடலாம்னு ரெண்டு தடவ வெளிய எடுத்தேன். நீங்க வேற கேக்கறீங்க. சிலோன்ல மாட்டுனாங்கன்னு தெரிஞ்சா இன்னும் இன்னா செய்வாங்களோ."

'அவளக் கேளுங்க' என்று முந்திய நாள் துரைசாமி சொன்னது நினைவிலிருந்ததோ என்னவோ, "அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

ரூத் சுண்ணாம்புக் கட்டியை உருட்டுவதை நிறுத்தினார். "அவங்களை யாரு கேட்டா? நான் அந்தத் தெருவுல கால் வைக்க முடியாது சார்."

"நான் வைக்கலாம் அல்லவா?"

எனக்குப் படம் வேண்டும். அந்த ஆசையில்தான் அப்படிச் சொன்னேன். அவர் அதைப் பெரிய உபகாரமாக எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலேயே கூண்டு வண்டி பேசி, படத்தையும் போர்வையோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

ரூத்தின் வீட்டில் முதலில் இறங்கினோம். சின்னப்பொண்ணு அம்மாள் உயரமானவர். மகளைப் பார்த்த சந்தோஷத்தையும் கோபத்தையும் ஒரே குரலில் காட்டினார். "வேல இல்லாத வூட்டுக்கு விருந்தாளிய இட்டுக்கினு வந்திருக்கியே, இன்னாத்த போடுவேன்?" என்று சொல்லிக்கொண்டே கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். எங்கள் ஊரின் பனங்கிழங்கு ஒடியல் கூழில் மீன் கிடப்பதுபோல இங்கே களிக்குப் பக்கத்தில் மீன். மூன்று உருண்டை சாப்பிட்டேன். நாங்கள் எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் அவர் மகளைத் தடுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நீ தனியா நிக்க வேணாம்" என்று வண்டியின் பின்னாலேயே நடந்து வந்தார்.

ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் ஒரு வேப்பமரம். வண்டியும் தாயும் மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். நான் மட்டும் நடந்தேன்.

மணியக்காரரைப் பற்றி நான் கற்பனை செய்து வைத்திருந்த உருவம் வேறு. வந்தவரோ மூக்குக்கண்ணாடி போட்ட, மெலிந்த, மரியாதையான மனிதர். சிலோன் என்றதும் நாற்காலி போட்டு மோர் வரவழைத்தார். யாழ்ப்பாணத்துப் புகையிலையைப் பற்றி விசாரித்தார். வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. சற்று நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"சிலோனுக்குக் கொண்டு போறீங்களா? பேஷா கொண்டு போங்க சார். கடலத் தாண்டிட்டா போதும். திருப்பி அனுப்ப வேணாம். இங்க இருந்தாத்தான் எங்களுக்கு அவமானம்."

படம் கிடைத்துவிட்டது. ஆனால் மோர்த் தம்ளரைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

அப்போது உள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இன்னாங்க, அந்தப் படத்தப் பட்டணத்துல பாத்தாங்க. உங்க தம்பி பாத்தாரு. ஊரே பாத்துச்சி. இப்போ சிலோன்ல பாக்கப் போறாங்க. மூஞ்சி என்னுதுன்றாங்க. நான் மட்டும் இன்னும் பாக்கல."

"நீ உள்ள போ" என்றார் மணியக்காரர்.

"படம் எங்க இருக்குதுங்க?" இந்தக் கேள்வி எனக்கு.

"தெரு முனையில், வண்டியில் இருக்கிறது அம்மா."

"அந்தப் பொண்ணு வந்திருக்குதா?"

"வந்திருக்கிறார். தாயாரும் வந்திருக்கிறார்."

கதவு திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இடது புருவம் தழும்பால் இரண்டாகப் பிரிந்திருக்க, எங்கள் இருவரையும் தாண்டி வாசலில் இறங்கி நடந்தார். மணியக்காரர் எழுந்து நின்று, "அலமேலு" என்றார். அவர் திரும்பவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. நானும் மணியக்காரரும் அவர் பின்னால் போனோம். அந்தத் தெருவில் நாங்கள் இருவரும்தான் வேகமாக நடந்தோம். அவர் சாதாரணமாகத்தான் நடந்தார்.

ரூத் அவரைக் கண்டதும் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். போர்வையைப் பிரித்து, படத்தை வண்டிச் சக்கரத்தில் சாய்த்து வைத்தார். அலமேலு அம்மாள் அதற்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார். நான் அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"இந்தச் செவப்புப் பொடவ எனக்கு ஏது?" என்றார். "அன்னிக்கு நான் கட்டிக்கினு இருந்தது பச்ச. நைஞ்சு போன பச்ச."

ரூத் தடுமாறினார். "செவப்பு போட்டாத்தான் எடுப்பா இருக்கும்னு..."

"பரிசு வாங்கறதுக்குப் பொய் சொல்லியிருக்கே."

சின்னப்பொண்ணு அம்மாள்தான் முதலில் சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அலமேலு அம்மாளும் சிரித்துவிட்டார். பிறகு மறுபடியும் படத்தைப் பார்த்தார். விரலை நீட்டி, தொடாமல், அந்தக் கறுத்த மணிக்கட்டின் மேல் நிறுத்தினார்.

"எனக்கு மூஞ்சி போட்டிருக்கே, புருவம் கூடத் தப்பல. சின்னப்பொண்ணுக்கு ஏன் மூஞ்சி போடல?"

"பயம்மா. எங்க அம்மாளுக்கு எதுனா ஆயிடும்னு பயம்."

"எனக்கு எதுனா ஆவும்னு பயம் இல்லியா?"

ரூத் தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்கு இன்னா ஆவப் போவுதுன்னு நெனச்சேன்."

அலமேலு அம்மாள் அதை யோசித்தார். "நெனச்சது சரிதான். எனக்கு ஒண்ணும் ஆவல. மூஞ்சியப் போடாமயே அவங்களுக்குத்தான் ஆச்சு." எழுந்து, சற்றுத் தள்ளி நின்ற கணவரைப் பார்த்தார். "இன்னாங்க, தண்ணி வாங்கிக் குடிச்சது நானு. நீங்க பட்டினி போட்டது அவங்கள."

"வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றார் அவர் தணிந்த குரலில்.

"வீட்டுல பேச முடிஞ்சிருந்தா அன்னிக்கே பேசியிருப்பேனே. நீங்க கடலூரு கோர்ட்டுக்குப் போயிருந்தீங்க. கொழந்தைக்குக் கண்ணு சொருகிடுச்சி. நம்ம கெணத்துல மொண்டா சேறு வருது. யாருகிட்ட போவேன்? காலேஜுல படிக்கிறானே உங்க புள்ள சம்பத்து, அவன் உசுரு இந்தக் கையி ஊத்துன தண்ணில நின்னுது. இத நான் உங்ககிட்ட சொல்லல. எனக்கும் பயந்தான்."

வண்டி மாடு வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. மணியக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்துக்கு அருகே வந்தார். கொளுத்தச் சொன்ன அந்தப் படத்தை அவர் இதற்கு முன் பத்திரிகையின் கரி அச்சில்தான் பார்த்திருந்தார்.

"சம்பத்து எங்க? படத்துல இல்லியே" என்றார்.

"இருக்காருங்க" என்றார் ரூத். "அம்மாவோட முந்தானையப் பாருங்க."

நான் சேலை மடிப்பு என்று நினைத்திருந்த இடத்தில், அப்போதுதான் கண்டேன், முந்தானையைப் பற்றிக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு கை. மணியக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் வீட்டை நோக்கி நடந்தார். நடையில் கோபம் இல்லை. வயது தெரிந்தது.

அலமேலு அம்மாள் ரூத்திடம், "சின்னப்பொண்ணுக்கு மூஞ்சியப் போட்டுட்டு அனுப்பு" என்றார். முடிந்த நீர்வர்ணத்தில் இனிக் கை வைக்க முடியாது, காகிதம் அவ்வளவுதான் என்று ரூத் விளக்கினார். "அப்போ புதுசா ஒண்ணு போடு. அதுல எனக்குப் பச்சப் பொடவ" என்று சொல்லிவிட்டு அவரும் கணவர் போன வழியே போனார்.

அதனால் என் பயணம் நீண்டது. திண்டிவனத்தில் ஓர் ஓட்டல் அறையில் தங்கி, மூட்டைப்பூச்சிகளோடு சினேகமாகி, சாம்பாரில் வெங்காயத்தைத் தேடிக்கொண்டு நாட்களைக் கழித்தேன். பள்ளி முடிந்ததும் ரூத் டீச்சர் வண்டியில் ஊருக்குப் போவார்; நானும் போவேன்.

மறுநாளே சேரி முனையில் மணியக்காரர் வீட்டு ஆள் வந்து நின்று வேலைக்குக் கூப்பிட்டிருந்தான். வயிற்றில் அடித்துவிட்டதாகச் சொன்ன மாமாதான் முதலில் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாராம். "மன்னிப்பெல்லாம் ஒண்ணும் கேக்கலீங்க" என்றார் சின்னப்பொண்ணு அம்மாள். "ஆனா எப்பவும் ஏய், ஓய்ன்னுதான் கூப்புடுவாங்க. அன்னிக்குப் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க." ஊர்த்தெரு ரூத்துக்குத் திறந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். நான் இருந்த வரையில் திறக்கவில்லை. வேலை கிடைத்தது, அடுப்பு எரிந்தது.

கிணற்றடியில் சின்னப்பொண்ணு அம்மாளை உட்காரவைத்துப் படம் வரைவது பெரும்பாடு. "சும்மா கையி வச்சிக்கினு ஒக்காந்தா தூக்கம் வருது" என்று முறத்தில் மல்லாட்டையை வைத்து உடைக்கத் தொடங்கிவிடுவார். மகள் அதட்டினால் ஒரு பருப்பை எடுத்து அவள் வாயில் போடுவார். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே, அலமேலு அம்மாள் எல்லாரும் பார்க்கப் பள்ளத்தில் இறங்கி வந்தார். கையில் மடித்த ஒரு பழைய சேலை. "பொட்டியில கெடந்துச்சி. நெறத்தத் தப்பா போட்டுடப் போறே" என்று ரூத்தின் பக்கத்தில் வைத்தார். நைந்து வெளுத்த பச்சை. அதை நிழலிலும் வெயிலிலும் பிடித்துப் பார்த்து ரூத் வர்ணம் குழைத்தார். அந்தப் பச்சைக்காக மூன்று கலவைகளை வீணாக்கினார். தூரிகையைத் தொடாமல் இருந்தவர் என்று பார்த்தால் சொல்ல முடியாது.

படம் முடிந்தது. முதல் படத்தின் பளபளப்பு இதில் இல்லை. சிவப்பு இல்லை. குடத்தைச் சாய்க்கும் கை தோளோடு சேர்ந்து, தோள் கழுத்தோடு சேர்ந்து, அதன் மேலே ஒரு பெண்ணின் முகம். அந்த முகத்தில் கருணையைத் தேடினால் ஏமாற்றம்தான். தண்ணீர் சிந்திவிடாமல் ஊற்ற வேண்டுமே என்ற கவனம்தான் இருக்கிறது. சின்னப்பொண்ணு அம்மாள் பார்த்துவிட்டு, "ஆமா, அன்னிக்கு அதான் நெனச்சேன். தண்ணி அவ்ளோ கொஞ்சமா இருந்திச்சி" என்றார். ரூத் அதைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு படங்களையும் கொண்டு போகச் சொன்னார். திரும்பி வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தாயின் படத்தைத் தன் வகுப்பறையில் மாட்டப் போகிறாராம்.

நான் விடைபெறும்போது அலமேலு அம்மாளும் கிணற்றடியில் இருந்தார். "அங்க சுவத்துல மாட்டி வச்சா, யாரு இவங்கன்னு கேப்பாங்களா?" என்று கேட்டார்.

"கேட்பார்கள் அம்மா."

"பேரச் சொல்லுங்க. ரெண்டு பேரு பேரும். வேற எதும் சொல்ல வேணாம்."

யாழ்ப்பாணத்தில் கண்காட்சி ஐந்து நாள் நடந்தது. பெரியமனிதர்கள் நிறைய வந்தார்கள். மரகதத்தின் முன்னால் நின்று சிரித்தார்கள். ரூத்தின் இரண்டு படங்களுக்கு முன்னால் வந்ததும் சிலர் வேகமாக நகர்ந்தார்கள், சிலர் நின்றார்கள். எங்கள் பள்ளிக்கு நன்கொடை கொடுத்த பிரமுகர் ஒருவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார்.

"மாஸ்டர், ஆர் இவை?"

"ஊற்றுபவர் சின்னப்பொண்ணு. குடிப்பவர் அலமேலு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது சரி. என்ன ஆக்கள், என்ன சாதி?"

"ஊற்றுபவர் சின்னப்பொண்ணு" என்றேன் மறுபடியும். "குடிப்பவர் அலமேலு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தப் பெண்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.